அருளாயி எழுதிய சீட்டு

என் மனைவி அருளாயிக்குப் பொய் சொல்ல வராது. இதை அவளே சொல்வாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்" என்று அவள் ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் எழுந்து செருப்பைத் தேடுவார். பக்கத்து வீட்டு மருமகள் வைக்கும் மீன்குழம்பில் புளி தூக்கல் என்பதை அந்த மருமகளின் வளைகாப்பில், பத்துப் பேர் நடுவில் வைத்துச் சொன்னவள் அவள். நான் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையுமாக வீட்டுக்குள் நுழைந்தேன். "முப்பது வருசம் ஷட்டரைத் தூக்கி எறக்குனதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டாள். ஆற்றில் தண்ணீர் வந்தால் வாய்க்கால் மதகைத் திறப்பதும், போதும் என்றால் மூடுவதும்தான் லஸ்கரின் வேலை. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல்.

கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. கஜா புயலில் ஊரே கூரையைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் கல்லைக் கூட்டி ஆறு நாள் ஊருக்குக் கஞ்சி காய்ச்சியவள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் காப்பித் தூக்கு அவள் கையில்தான் போகும். அதனால்தான் எங்கள் ஊர் அன்பியத்துக்கு அவளைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். இருபத்தாறு கிறிஸ்தவக் குடும்பங்கள்; வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்ல வேண்டும். கூட்டுவது, அதட்டுவது, வராதவர்களைப் போய் இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அலைவது என் தலையெழுத்து.

இந்த வருஷம் எங்கள் பங்குக்குப் புது சாமியார் வந்திருக்கிறார். சின்ன வயது. சும்மா இருக்க மாட்டார். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் கறி தின்னாமல் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு பூசையில் ஒரு திட்டத்தை அறிவித்தார். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஓலைகளைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். அவற்றை எரித்துத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவதற்குச் சாம்பல் எடுப்பார்கள். அது எப்போதும் உள்ளதுதான். இந்த முறை கூடவே ஆளுக்கு ஒரு சீட்டு. தன்னால் மன்னிக்கவே முடியாத ஒருவரின் பெயரை அதில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டாம். யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓலையோடு சீட்டையும் சேர்த்து எரித்துவிட்டு, இலேசான மனசோடு தவக்காலத்துக்குள் போக வேண்டும்.

"எழுதத் தெரியாதவங்களுக்கு அன்பியத் தலைவிகள் எழுதிக் கொடுங்க" என்று முடித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மத்தியானமே கிளம்பிவிட்டோம். பின்னால் அருளாயி, அவள் மடியில் சீட்டுப் போடும் துணிப்பை, எனக்கு முன்னால் ஓலைக்குச் சாக்கு. மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. அறுவடை முடிந்த வயலில் உளுந்து முளைத்துக் கால் வைக்க இடமில்லாமல் இருந்தது. ரோட்டில் பாதியை வைக்கோல் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. தஞ்சாவூர்ப் பேருந்து வந்தால் நான் வயலில்தான் இறங்க வேண்டும்.

போன வீட்டில் எல்லாம் ஒரு கூத்து. மந்திரித்த ஓலையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதுதான் முறை. ஒரு வீட்டில் அதை எலி தின்றிருந்தது. இன்னொரு வீட்டில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்களாம். அதனால்தான் புயல் வேறு பக்கம் போனது என்று சாதித்தார்கள். ஒருத்தர் டிராக்டர் முன்னால் கட்டியிருந்தார், அவிழ்க்க மனசு வரவில்லை. அருளாயி ஒவ்வொரு வாசலிலும் கத்தினாள். "ஒரு ஓலையைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. இவங்க எங்க மனசைத் தயார் பண்ணப் போறாங்க?"

மனசைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் கறி எடுத்துத் தின்று தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் ஊரின் அவசரம். ஒரு வீட்டில், "கருவாடு கறியில சேருமாக்கா?" என்று கேட்டார்கள். "சேரும், உன் நாக்கையும் சேத்துக்க" என்றாள்.

சீட்டு எழுதுகிற பாடு அதைவிட மோசம். மேலத்தெரு ரெத்தினம், "என்னால மன்னிக்க முடியாதது மழையத்தான். அத எழுதுங்க" என்றார். அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது பெய்து, அவருடைய மூன்று மா நிலத்துப் பயிரையும் படுக்க வைத்துவிட்டுப் போன மழை.

"மழைக்கு ஏதுங்க மனசு? மனுசப் பேராச் சொல்லுங்க."

"அப்படின்னா கொள்முதல் நிலையத்துல நெல்லுல ஈரம் பாத்துத் திருப்பி அனுப்புனவன் பேரை எழுதுங்க."

"பேரு என்ன?"

"தெரியாது. கண்ணாடி போட்டிருப்பான்."

அருளாயி பற்களைக் கடித்துக்கொண்டு 'கண்ணாடிக்காரர்' என்று எழுதி மடித்தாள். எழுதத் தெரியாத பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மாமியார். "இருக்கிற மாமியாரா, செத்த மாமியாரா?" என்று அருளாயி விசாரித்தாள். அது எதற்கு இவளுக்கு? ஆனாலும் விசாரித்தாள்.

நடுவில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது, "உன் சீட்டுல யார் பேரு?" என்று கேட்டேன்.

"வெறும் சீட்டைத்தான் மடிச்சுப் போட்டேன். எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல. அன்னன்னிக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தீத்துடுறேன். வயித்துல வெச்சுக்கிட்டு அலையிற சாதி இல்ல நான்."

சொல்லித் தீர்த்தது நீ. கேட்டவர்களுக்குத் தீர்ந்ததா என்று நான் கேட்டிருக்க வேண்டும். மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன்.

வாய்க்கால் கரையோரம் இருக்கும் அடைக்கலமேரியின் வீட்டுக்குப் போனபோது மணி நாலு. ஐம்பது வயதுக்காரி. நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலை செய்தே ஒற்றை மகளைப் படிக்க வைத்தவள். புருஷன் சந்தியாகு செத்து எட்டு வருஷம். மகள் ஜெனோவா தஞ்சாவூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அடைக்கலமேரி களத்தில் பொறுக்கி வந்த நெல்லை வாசலில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க மாமா. வாக்கா" என்று உள்ளே போய், சந்தியாகு படத்துக்குப் பின்னால் இருந்த ஓலையை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எலி கடிக்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை. ஊரிலேயே ஒழுங்காக இருந்த ஓலை அதுதான்.

"சீட்டுல யார் பேரு? சட்டுனு சொல்லு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வீடு கெடக்கு" என்றாள் அருளாயி. முழங்காலில் பரீட்சை அட்டை, கையில் பேனா.

"யார் பேரு வேணாலும் சொல்லலாமா?"

"சொல்லு."

"நீ கோவிச்சுக்க மாட்டியே?"

"நான் எதுக்குடி கோவிச்சுக்கிறேன்? மாமியார்தானே?"

"இல்ல. அருளாயின்னு எழுது."

"எந்த அருளாயி?" என்றாள் என் மனைவி. எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு அருளாயி.

"உன்னத்தான்க்கா."

நான் சாக்கின் வாயைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். என் மனைவியின் குரல் ஏறியது. "நான் உனக்கு என்னடி பண்ணேன்? உன் வீட்டுச் சாவுக்கு மூணு நாள் சோறு பொங்கிப் போட்டேனே!"

"பொங்கிப் போட்ட. மறக்கல. அன்னிக்கு நாகப்பட்டினத்துலேர்ந்து வந்த என் நாத்தனா உன்கிட்ட, 'நல்லா இருந்த மனுசனுக்கு என்ன ஆச்சு'ன்னு கேட்டா. நான் மஞ்சக்காமாலைன்னு சொன்னேன். நீ காப்பிய ஊத்திக்கிட்டே, 'காமாலையாவது ஒண்ணாவது, குடிச்சுக் குடிச்சே ஈரல் வெந்து செத்தான்'ன்னு சொன்ன."

அருளாயிக்கு நினைவில்லை. முகத்திலேயே தெரிந்தது. எனக்கு நினைவிருந்தது. நான் அன்று வெளியே பந்தல் போடுகிறவர்களோடு நின்றேன். அவள் குரல் பந்தல் வரைக்கும் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் கண்டித்திருக்கலாம். ஒரு சண்டையாகி, சோறு ஆறிப்போகும் என்று விட்டுவிட்டேன்.

"நீ சொன்னதை யார் கேட்டா, யார் கேக்கலங்கறது எனக்குப் பெரிசில்ல" என்றாள் அடைக்கலமேரி. அவள் கத்தவில்லை. "எம்மவ கால்மாட்டுல உக்காந்திருந்தா. பதிமூணு வயசு. எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போனவதான். அவங்கப்பனைப் பெட்டியில வெச்சு மூடுறவரைக்கும் வரல. கடைசியா மொகம் பாக்கல. இன்னிக்கு வரைக்கும் கல்லறைத் திருநாளுக்குக்கூட வர மாட்டேங்குறா. மெழுகுவத்தி நான் ஒருத்திதான் ஏத்துறேன்."

ஒரு பெரிய சண்டைக்கு நான் தயாராக நின்றேன். அருளாயி அட்டையை நிமிர்த்திக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். எழுதினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றதால் சீட்டு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'மாமியார்' என்று எழுதியிருந்தாள்.

"எழுதிட்டியா? என்ன எழுதியிருக்கு, படி."

"அருளாயி" என்று படித்தாள். மடித்துப் பையில் போட்டாள். "கொஞ்சம் தண்ணி குடு" என்று வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் வந்து ஏறிக்கொண்டாள்.

அடைக்கலமேரியின் மாமியார் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. மருமகளைப் பெற்ற மகளைப்போல வைத்திருந்த கிழவி. அந்தப் புண்ணியவதி தலையில் போய்ப் பழி விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. அருளாயி கத்தினால் எனக்குத் தலைவலி வரும். ஆனால் அவள் கத்தாமல் இருப்பது அதைவிடக் கொடுமை என்று எனக்கு அதுவரை தெரியாது. திங்கட்கிழமை காலையில் பால்காரர் தண்ணிப் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அவள் வாயே திறக்கவில்லை. அவரே பயந்துபோய்த் திரும்பி வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். மத்தியானக் குழம்பில் உப்பு இல்லை. நான் சொல்லவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் மனசை எல்லாம் கழுவி விடுகிறேன் என்று கிளம்பியவள், தன் பேரை எழுத வேண்டிய இடத்தில் இப்படி ஒரு கள்ளத்தனம் செய்துவிட்டு வந்து, சோற்றில் உப்பு போடாமல் என்னைத் தண்டிப்பானேன்?

சாயங்காலம் பொறுக்க முடியாமல் சொன்னேன். "நான் பாத்தேன்."

"எதை?"

"சீட்டை."

"அடுத்தவங்க சீட்டை எட்டிப் பாக்குறது பாவமில்லையா? சாமியார் சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?" அப்பாடா, வாய் திறந்துவிட்டாள். "நான் என்ன இல்லாததையா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. சந்தியாகு குடிச்சானா இல்லையா?"

"குடிச்சான்."

"ஈரல் போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஏன் மாமியார்னு எழுதுன?"

அவள் எழுந்தாள். உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்து பாயில் கொட்டினாள். "பிரிக்கக் கூடாதுல்ல" என்றேன். "ஒண்ணே ஒண்ணைத்தான் எடுக்கப் போறேன். எடுத்து, சரியா எழுதிப் போட்டுடுறேன். பொய்ச் சீட்டுச் சாம்பலை எப்படிங்க நெத்தியில வாங்குறது?" என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மாமியார். மாமியார். கண்ணாடிக்காரர். மாமியார். இன்னொரு மாமியார். பாய் முழுக்க மாமியார்களாகக் கிடந்தார்கள். எல்லாம் அவளே எழுதியது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதில் எது அடைக்கலமேரியின் சீட்டு என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அருளாயி இரண்டு தடவை பார்த்தாள், விளக்கின் கீழே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மடித்துப் பையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரித்திருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

"யாருக்கும் தெரியாம இத முடிக்க முடியாது போலருக்கு" என்றாள்.

"முடியாது."

"வண்டியில எண்ணெய் இருக்கா?"

"நாளைக்குப் போவலாம். கோவிலுக்குப் போற வழிதானே."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓலைச் சாக்கையும் பையையும் எடுத்துக்கொண்டு அடைக்கலமேரியின் வீட்டில் இறங்கினோம். அவள் கோவிலுக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அருளாயி வண்டியை விட்டு இறங்கியவள், வாசலுக்குக்கூடப் போகவில்லை. நடு ரோட்டில் நின்றுகொண்டு, "அடி, அன்னிக்கு நான் உன் சீட்டுல என் பேரை எழுதல. மாமியார்னு எழுதிட்டு அருளாயின்னு படிச்சேன். பொய்" என்றாள். ஏதோ அடைக்கலமேரிதான் தப்புச் செய்துவிட்ட மாதிரி அதட்டலாக வந்தது குரல்.

"தெரியும்" என்றாள் அடைக்கலமேரி.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

"உன்னத் தெரியும்லக்கா. உன் பேரை எழுதியிருந்தா நீ அவ்வளவு சுருக்கா எந்திரிக்கிற ஆளா? என்னை ஒரு மணி நேரம் நிக்க வெச்சுக் கத்தியிருப்ப. பேசாம எழுதி மடிச்சிட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போற. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீயா வருவியான்னு பாத்தேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியில் ஏற வேண்டியதுதானே? ஏற மாட்டாள். அவள் பிறவி அப்படி. "இருந்தாலும் நான் அன்னிக்கு இல்லாததைச் சொல்லலியேடி" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடைக்கலமேரி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிட்டே வந்தாள். "இல்லாததைச் சொல்லியிருந்தா அன்னிக்கே உன் கொண்டையைப் பிடிச்சிருப்பேன்க்கா. எனக்காக ஊருல நாலு பேர் பேசியிருப்பாங்க. கொல்லைக்கு ஓடி, அது பொய்டி, வாடி, வந்து அப்பன் மொகத்தைப் பாருடின்னு எம்மவளை இழுத்தாந்திருப்பேன். நீ உள்ளதைச் சொல்லிட்ட. நான் போயி அவகிட்ட என்னத்தச் சொல்றது?"

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அக்கரையில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அருளாயியின் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. நானும் அன்று பந்தலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன்தானே.

பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தாள். மொபெட் சீட்டின் மேல் வைத்து, பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். பேனா ஒரு தடவை காகிதத்தைக் குத்தி ஓட்டை போட்டது. அதை அடைக்கலமேரியிடம் நீட்டி, "மன்னிச்சுக்கடி" என்றாள்.

அடைக்கலமேரி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையில் போடுவாள் என்று நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். அவள் அதை நாலாக மடித்து, சாவி முடிந்திருந்த முந்தானையிலேயே வைத்து முடிந்துகொண்டாள்.

"இத இன்னிக்கு எரிக்கச் சொல்லாத. எனக்கு இன்னும் மனசு வரலக்கா" என்றாள். "நாளையிலேர்ந்து நாப்பது நாள் இருக்குல்ல. பாப்போம்."

"சரி" என்றாள் அருளாயி.